பித்தக்குழாய் நீர்க்கட்டி: சின்னப் பிள்ளைக்கு லேப்ராஸ்கோப்பி செய்யலாமா?

ஜூலை 9, இரவு 9.40
பூண்டி மாமன்:

அக்கா மகளுக்கு நாலு வயது. ஆறு மாதமாக விட்டுவிட்டு வயிற்றுவலி, வாந்தி. பூச்சி மருந்து கொடுத்தோம், நிற்கவில்லை. போன மாதம் கண் மஞ்சளாகிவிட்டது. கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார்கள், இறங்கியது. இப்போது மறுபடி மஞ்சள். திருவாரூரில் ஸ்கேன் எடுத்தால் பித்தக்குழாயில் நீர்க்கட்டி, டைப் 1 என்று வந்திருக்கிறது. தஞ்சாவூரில் காட்டினோம். நாலு ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரியவர்களோ, ஓட்டை வழியாக எடுத்தால் வேர் உள்ளேயே நின்றுவிடும், வயிற்றைத் திறந்தால்தான் முழுசாக வரும் என்கிறார்கள். ஊசி போட்டு நீரை மட்டும் உறிஞ்சிவிட்டால் போதாதா என்று அக்கா கேட்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 9, இரவு 11.15
நீடாமங்கலம் உரக்கடை:

தம்பி, ஊசி போட்டு உறிஞ்சும் பேச்சே வேண்டாம். என் மகளுக்கும் இதே டைப் 1தான். அப்போது அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள், இப்போது ஏழாம் வகுப்பு. சென்னையில் லேப்ராஸ்கோப்பியில்தான் செய்தோம். நான் டாக்டர் இல்லை, உரக்கடைக்காரன். பிள்ளைக்காகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இது தனியாகத் தொங்கும் பை கிடையாது. கல்லீரலில் ஊறும் பித்தநீர் குடலுக்குப் போகிற குழாயேதான் உப்பிப் பெருத்திருக்கிறது. உள்ளே இருப்பது பித்தநீர். இன்றைக்கு உறிஞ்சினால் நாளைக்குக் கல்லீரல் மறுபடி அனுப்பும். குத்திய இடத்தில் கசிந்து வயிற்றுக்குள் இறங்கினால் அது வேறு ஆபத்து.

எங்களுக்கு விளக்கிய டாக்டர் திருவையாற்றுப் பக்கத்துக்காரர். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். ரெண்டு வாய்க்கால் ஒரே மதகுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒன்றில் பித்தநீர், இன்னொன்றில் கணைய நீர். மதகுக்குப் பக்கத்தில் சேர்ந்தால் தொந்தரவில்லை. இந்தப் பிள்ளைகளில் நிறையப் பேருக்குப் பிறவியிலேயே வெகு முன்னால் சேர்ந்துவிடுகிறது. கணைய நீருக்கு அழுத்தம் அதிகம். அது எதிர்த்து ஏறிப் பித்த வாய்க்காலுக்குள் புகுந்து கரையை அரிக்க, கரை வெளியே தள்ளிக்கொள்கிறது. 1969இல் பாபிட் என்ற டாக்டர் சொன்ன காரணம் இது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது, ஆனால் பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது.

அரித்த கரையை அப்படியே விட்டுவைத்தால் தொற்று, கல், கணைய அழற்சி என்று ஒவ்வொன்றாக வரும். வருஷங்கள் போனால் அந்தச் சுவரிலேயே புற்றுநோய் வர வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. சின்ன வயதில் அது மிக அரிது, அதனால் இப்போதே அக்காவைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் கட்டியை ஏன் வெட்டியே எடுக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

ஜூலை 10, காலை 6.20

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். இதுதான் அவசரமானது.

பிள்ளைக்கு மஞ்சளோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால் அது பித்தக்குழாயில் தொற்று. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே 108ஐக் கூப்பிட்டுக் கிளம்ப வேண்டும். எங்கள் பிள்ளைக்கு அப்படி ஒரு ராத்திரி வந்தது. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கூட்ஸ் வண்டி போகும்வரை மடியில் பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தாள். கேட் இருக்கிற ஊர்க்காரர்கள் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்பிவிட வேண்டும்.

உறிஞ்சவே கூடாது என்று நேற்றுச் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. தொற்று முற்றிப்போய் மருந்துக்கு அடங்காவிட்டாலோ, கட்டி வெடித்துவிட்டாலோ, உயிரைக் காப்பாற்றக் குழாய் வைத்துப் பித்தநீரை வெளியே வடிப்பார்கள். அது பிள்ளை தேறும்வரைதான். தேறிய பிறகு ஆபரேஷன் உண்டு.

ஜூலை 10, பகல் 2.05

கடையில் ஆள் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாக.

'வேர் நின்றுவிடும்' என்று பெரியவர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கட்டியை எடுக்கவே மாட்டார்கள். கட்டியை அப்படியே குடலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள், பித்தநீர் வடிந்துவிடும், மஞ்சள் இறங்கிவிடும். வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்ததுதான் அதுவும். ஆனால் நோய்ப்பட்ட சுவர் உள்ளேயே இருந்தது. எங்கள் ஊரில் ஒரு பெரியம்மாவுக்குச் சின்ன வயதில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். காய்ச்சலும் கல்லுமாகப் பல வருஷம் கஷ்டப்பட்டு, பேரன் எடுத்த பிறகு மறுபடி வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். ஆக, திறந்து செய்தால் முழுசாக வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எவ்வளவு எடுத்தார்கள் என்பதுதான் கணக்கு.

இப்போது உலகம் முழுக்க ஒரே முறைதான். உப்பிய குழாயையும் பித்தப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டு, கல்லீரலிலிருந்து வரும் நல்ல குழாயைக் குடலோடு நேராக இணைக்கிறார்கள். திறந்து செய்தாலும் ஓட்டை போட்டுச் செய்தாலும் உள்ளே நடக்கிற வேலை இதுவே.

பித்தப்பை இல்லாமல் பிள்ளை எப்படிச் சாப்பிடும் என்று உங்கள் வீட்டு ஆச்சி கேட்பார்கள், எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். பித்தநீரை உண்டாக்குவது கல்லீரல். பை அதைச் சேர்த்து வைக்கிற இடம் மட்டும்தான். என் மகள் பூரி, மீன் குழம்பு, பண்டிகைக்குப் பலகாரம் எல்லாம் சாப்பிடுகிறாள்.

ரிப்போர்ட்டில் போட்டிருக்கிற டைப் பற்றி: 1959இல் அலோன்சோ லெஜ் குழுவினர் மூன்று வகையாகப் பிரித்தார்கள், 1977இல் ஜப்பானைச் சேர்ந்த டொடானி அதை ஐந்தாக்கினார். டைப் 1 என்றால் கல்லீரலுக்கு வெளியே இருக்கும் பெரிய குழாய் மட்டும். அதிகம் வருவது இதுதான். டைப் 4இல் கல்லீரலுக்கு உள்ளே இருக்கும் கிளைகளும் உப்பியிருக்கலாம், அதற்கு டாக்டரின் தொடர் கவனிப்பு நீண்ட காலம் தேவைப்படும். டைப் 5 கரோலி நோய், கல்லீரலுக்கு உள்ளே இருக்கும் கிளைகள் மட்டும் உப்புவது, அதற்கு வைத்தியமே வேறு. இந்தக் கட்டி பெண் பிள்ளைகளுக்குத்தான் கூடுதல், மேற்கு நாடுகளைவிட ஆசியாவில் கூடுதல்.

எம்.ஆர்.சி.பி., அதாவது பித்த, கணையக் குழாய்களைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எடுத்தாகிவிட்டதா தம்பி? சாதா ஸ்கேன் கட்டி இருப்பதைக் காட்டும். ரெண்டு குழாயும் எங்கே சேர்கிறது, உள்கிளைகள் எப்படி என்பதை எம்.ஆர்.சி.பி.தான் தெளிவாகக் காட்டும். அதில் கதிர்வீச்சு இல்லை. அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குத் தூங்க மருந்து கொடுப்பார்கள், முன்னால் பட்டினி போடச் சொல்வார்கள்.

ஜூலை 10, இரவு 10.30

பூண்டி மாமன் கேட்டதற்கு: அந்த நாலு ஓட்டைக்குள் என்னதான் செய்கிறார்கள்?

எங்கள் டாக்டர் அந்தக் கருவிகளை மேஜையில் வைத்துக் காட்டினார். நீளக் கம்பி, நுனியில் நெல்மணி அளவுக்குக்கூட இல்லாத இடுக்கி. சின்னப் பிள்ளைகளுக்கு 3 மில்லிமீட்டரும் 5 மில்லிமீட்டரும் பயன்படுத்துகிறார்கள். தொப்புளில் ஒரு ஓட்டை, அதில் கேமரா. பக்கவாட்டில் மற்றவை. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை மெதுவாக நிரப்பி இடம் உண்டாக்குகிறார்கள். பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைவாகத்தான் வைக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டர் வேண்டும்.

கட்டியைச் சுற்றி முக்கியமானவை நிறைய. பின்னால் கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய், பக்கத்திலேயே தமனி, கீழே கணையம். கட்டியை இவற்றிலிருந்து நூல் நூலாகப் பிரிக்க வேண்டும். அடிப்பக்கம் கணையத்துக்குள் மெலிந்து போகிற இடம் வரை பிரித்து அங்கே கட்டுகிறார்கள். அந்த அடிமுனையை நீளமாக விட்டுவிட்டால் பிற்பாடு அதிலேயே கல்லும் கணைய அழற்சியும் வரும். ரொம்ப இறங்கினால் கணையக்குழாய்க்கு அடிபடும். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'வேர்' என்று பயப்படுவது இந்த இடத்தைத்தான். இங்கே கேமரா பெரிதாக்கிக் காட்டுவது உண்மையிலேயே உதவுகிறது என்றார் டாக்டர்.

பிறகு குடலைத் தொப்புள் ஓட்டை வழியாகக் கொஞ்சம் வெளியே இழுத்து, வெளியே வைத்தே வெட்டி இணைத்து, உள்ளே விட்டுவிடுகிறார்கள். அதன் ஒரு முனையை மேலே கொண்டுபோய்க் கல்லீரல் குழாயோடு தைக்கிறார்கள். தையல் இழை தலைமயிர் அளவுதான். இந்தத் தையல்தான் ஆபரேஷனிலேயே கஷ்டமான பகுதி. குடல் ஒய் எழுத்து வடிவில் அமைவதால் ரூ-என்-ஒய் என்கிறார்கள். ரூ என்பது சுவிஸ் டாக்டர் ஒருவருடைய பெயர்.

பிள்ளைகளுக்கு முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில் இதைச் செய்தது இத்தாலியில், ஃபரெல்லோ குழுவினர், 1995இல். ஆறு வயதுப் பெண் குழந்தை. ரோபோ வைத்துச் செய்ததும் 2006இல் வெளிவந்துவிட்டது. அதனால் உங்கள் பிள்ளையிடம்தான் புதிதாகச் சோதித்துப் பார்க்கிறார்களோ என்ற பயம் வேண்டாம்.

நேரம் கூடுதலாக ஆகும். தியேட்டருக்குள் காலையில் போன பிள்ளை சாயங்காலம்தான் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். நேரம் ஆனாலே ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இதை அக்காவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

ஜூலை 11, காலை

இது லேசர் ஆபரேஷன் இல்லை. இங்கே ஒருவர் அப்படி எழுதியிருக்கிறார். நம் பக்கம் ஓட்டை போட்டுச் செய்யும் எல்லாவற்றையும் லேசர் என்று சொல்கிறோம். இதில் வெட்டுவதும் தைப்பதும் கையால்தான்.

ஜூலை 13, மாலை 5.50

ரெண்டு நாளாக யோசித்ததில், எதை முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கே எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார்கள். அவர்கள் மகனுக்கு வயிற்றைத் திறந்துதான் செய்தார்களாம். பையன் நன்றாக இருக்கிறான், கல்லூரி போகிறான், வலது விலாவுக்குக் கீழே தழும்பு மட்டும் உண்டு. 'நீங்கள் எழுதுவதைப் படித்தால் நாங்கள் பிள்ளைக்குக் குறை வைத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது' என்றார்கள். அம்மா, அப்படி நினைக்கவே வேண்டாம். அனுபவமுள்ள கைகளில் ரெண்டு முறைக்கும் கசிவு, தையல் சுருங்குவது இவையெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். லேப்ராஸ்கோப்பியில் வலி குறைவு, ரத்தம் போவது குறைவு, சாப்பாடு சீக்கிரம் தொடங்கலாம், வீட்டுக்குச் சீக்கிரம் வரலாம், தழும்பு சின்னது. இவை நல்ல லாபங்கள்தான். ஆனால் இவை முதல் வாரத்து லாபங்கள். பிள்ளை இன்னும் அறுபது எழுபது வருஷம் வாழ வேண்டியவள். அந்த வருஷங்களைத் தீர்மானிப்பது உள்ளே கட்டியை எவ்வளவு சுத்தமாக எடுத்தார்கள், தையலை எவ்வளவு அகலமாகப் போட்டார்கள் என்பதுதான்.

பூண்டி தம்பி, எனவே டாக்டரிடம் ஓட்டையா திறப்பதா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். அடிமுனை வரை எடுக்க முடியுமா, எங்கே இணைக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நடுவில் திறக்க வேண்டி வந்தால் திறப்பீர்களா என்றும் கேளுங்கள். தொற்று அடிக்கடி வந்து கட்டி பக்கத்து ரத்தக்குழாயோடு ஒட்டிப்போயிருந்தால், ரத்தம் நிற்காவிட்டால், திறக்கத்தான் வேண்டும். அதைத் தோல்வி என்று யாரும் நினைக்கக் கூடாது. திறக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிற டாக்டரிடம்தான் எனக்குப் பயம். ரொம்ப ஒட்டிப்போன கட்டிகளில் பின்சுவரின் வெளிப்பகுதியை விட்டு, உள்தோலை மட்டும் உரித்தெடுக்கும் முறையும் உண்டு, அதற்கு லில்லி முறை என்று பெயர்.

எங்கே இணைப்பது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி. ஒரு சாரார் ரூ-என்-ஒய். இன்னொரு சாரார் இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் நேராக இணைக்கிறார்கள். அதில் வேலை குறைவு, குடலை வெட்ட வேண்டாம், பிற்காலத்தில் வாய்வழிக் கேமரா விட்டுப் பார்ப்பதும் சுலபம். ஆனால் பித்தநீர் இரைப்பைக்கு ஏறி எரிச்சலும் அழற்சியும் உண்டாக்கலாம். என் மகளுக்கு ரூ-என்-ஒய். எது என்பதை டாக்டரிடம் விட்டுவிடலாம், எது செய்தார்கள் என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூலை 14, இரவு

பணம் பற்றி ரெண்டு பேர் கேட்டார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் சேரலாம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இவை வேண்டும். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இந்த ஆபரேஷனுக்கு அந்த ஆஸ்பத்திரியில் அனுமதி கிடைக்குமா என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிட்டுச் சேருங்கள். சேர்ந்த பிறகு அலைவது கஷ்டம். அரசு ஆஸ்பத்திரி வேண்டும் என்பவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் பிள்ளைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவு தனியாகவே இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை எழும்பூர்.

ஜூலை 17, பகல் 12.40

கீழாநெல்லி கேட்கும், கேட்காது என்று சண்டை வேண்டாம், ரெண்டு தரப்பும் கொஞ்சம் பொறுங்கள்.

கீழாநெல்லி கொடுத்ததும் மஞ்சள் இறங்கியது என்று பூண்டி மாமன் எழுதியது பொய் இல்லை. எங்கள் அம்மா கொடுத்தபோதும் இறங்கியது. விஷயம் என்னவென்றால், இந்தக் கட்டியில் அடைப்பு நிரந்தரமாக இருப்பதில்லை. குழாய்க்குள் புரதம் திரண்டு சின்ன அடைப்பாக நிற்கும், மஞ்சள் ஏறும், வலி வரும். அது தானே கரைந்தோ நகர்ந்தோ போனதும் மஞ்சள் இறங்கிவிடும். மருந்து கொடுத்தாலும் இறங்கும், கொடுக்காவிட்டாலும் இறங்கும். கல்லீரலில் வைரஸ் வந்து உண்டாகும் காமாலையும் பெரும்பாலும் தானே சரியாகிவிடுவதால், ரெண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். பிள்ளைக்கு மஞ்சள் ரெண்டாவது தடவை வந்தால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். வலி, மஞ்சள், வயிற்றில் கட்டி மூன்றும் சேர்ந்து வரும் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். மூன்றும் சேர்ந்து வருவது கொஞ்சம் பிள்ளைகளுக்குத்தான். என் மகளுக்கு ரொம்ப நாள் வெறும் வயிற்றுவலி. அங்கன்வாடிக்குப் போகப் பிடிக்காமல் சொல்கிறாள் என்றார்கள். அரிப்பு வேறு. ராத்திரி தூக்கத்திலேயே காலைச் சொறிந்து சொறிந்து பாவாடை ஓரத்தில் ரத்தக்கறை இருக்கும். அந்த அரிப்பும் பித்தம் தேங்குவதால்தான் என்று பிறகுதான் சொன்னார்கள்.

பேராவூரணியிலிருந்து கேட்ட அம்மாவுக்கு: பிறந்து ஒரு மாதம் ஆன குழந்தை, மஞ்சள் இறங்கவில்லை, மலம் வெளிறிப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெயிலில் காட்டுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இன்றைக்கே பிள்ளைகள் டாக்டரிடம் போங்கள். அணையாடையில் போன மலத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், நேரடி பிலிரூபின் (பித்தம் தேங்கினால் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் பொருள்) தனியாக எவ்வளவு என்று ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நீர்க்கட்டியாகவும் இருக்கலாம், பித்தக்குழாயே அடைந்துபோன பிலியரி அட்ரீசியாவாகவும் இருக்கலாம். ரெண்டாவது என்றால், குடலைக் கல்லீரலோடு நேராக இணைக்கும் கசாய் என்ற ஆபரேஷனை 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். ஒவ்வொரு நாளும் முக்கியம். போய்விட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

ஜூலை 18, இரவு

பேராவூரணி அம்மா போய்விட்டார்களாம். குழந்தையைச் சேர்த்திருக்கிறார்கள். நிம்மதி.

ஜூலை 20, காலை 7.15
பூண்டி மாமன்:

எம்.ஆர்.சி.பி. ஆகிவிட்டது, டைப் 1 தான். 28ஆம் தேதி செய்யலாம் என்கிறார் டாக்டர். இந்த ஆபரேஷன் அடிக்கடி செய்பவர்தான், கேட்டுவிட்டேன். வீட்டில் அத்தானின் அம்மா, ஆடி முடியட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரே பிடிவாதம்.

ஜூலை 20, காலை 8.00
நீடாமங்கலம் உரக்கடை:

தம்பி, அந்த அம்மாவிடம் எதிர்த்துப் பேசாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். தள்ளிப்போடுவதில் ரெண்டு வகை இருக்கிறது. தொற்று இருந்தால் டாக்டரே தள்ளிப்போடுவார். ஆன்டிபயாட்டிக் கொடுத்து, காய்ச்சல் அடங்கி, வீக்கம் வடிந்த பிறகு செய்தால்தான் கட்டி சுலபமாகப் பிரியும். மஞ்சள் ரொம்ப நாள் இருந்தால் ரத்தம் உறைவது குறையும், அதற்கு வைட்டமின் கே போட்டு, ரத்தத்தைச் சோதித்துச் சரியான பிறகுதான் தியேட்டருக்குக் கொண்டு போவார்கள். அது பிள்ளைக்காகக் காத்திருப்பது. எல்லாம் சரியாக இருக்கும்போது மாதத்துக்காகக் காத்திருந்தால், நடுவில் ஒரு காய்ச்சல் வந்தால் போதும், கட்டி ஒட்டிப்போய் ஓட்டையில் முடிய வேண்டியது பெரிய ஆபரேஷனாகிவிடும். அந்த அம்மாவும் பேத்திக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். சமயபுரத்துக்கு ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கச் சொல்லுங்கள், பிள்ளை தேறியதும் போய்ச் செலுத்தலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

ஜூலை 28, இரவு 9.05
பூண்டி மாமன்:

முடிந்தது. காலை எட்டரைக்குப் போய் மூன்றரைக்கு வந்தாள். ஓட்டையிலேயே முடித்துவிட்டார்கள். ரூ-என்-ஒய். வயிற்றின் ஓரத்தில் ஒரு குழாயும் பையும் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 28, இரவு 9.20
நீடாமங்கலம் உரக்கடை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஜூலை 30, காலை 5.45

அந்தப் பையைப் பற்றி. அதில் முதலில் ரத்தம் கலந்த நீர் வரும், போகப்போக வெளுத்துக் குறையும். தினமும் எவ்வளவு என்று சிஸ்டர் அளந்து எழுதுவார்கள், நீங்களும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நிறம்தான் முக்கியம். என் மகளுக்கு ஒரு காலை பையில் பச்சையும் பொன்னிறமும் கலந்து நின்றது. பித்தநீர். தையலில் கசிவு. மனைவி அழுதுவிட்டாள். டாக்டர் வந்து, வயிறு உப்பவில்லை, காய்ச்சல் இல்லை, கசிவு குழாய் வழியாக வெளியே வந்துகொண்டிருக்கிறது, காத்திருக்கலாம் என்றார். வாய்வழி உணவை நிறுத்தி வைத்தார்கள். நாளாக நாளாகக் குறைந்து தானே அடைந்துவிட்டது. சின்னக் கசிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். வயிறு கல்லாக இறுகுவது, காய்ச்சல் ஏறுவது, பிள்ளை சோர்ந்து போவது, இவற்றில் எது வந்தாலும் உடனே கூப்பிட வேண்டும்.

வாயு பிரிந்ததா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருப்பார். அது பிரிந்தால்தான் தண்ணீர், அப்புறம் கஞ்சித் தண்ணீர், அப்புறம் இட்லி. பிள்ளை பசியில் அழும். பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு வரும்போது அவளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுங்கள். மலம் மஞ்சளாகப் போனால் பித்தநீர் குடலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் என் மனைவிக்கு முகம் தெளிந்தது.

ஆகஸ்ட் 4, இரவு 10.10

பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று பூண்டி மாமன் எழுதியிருக்கிறார். இனி இங்கே யாரும் எழுத மாட்டார்கள், எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்குள் நான் முக்கியமாக நினைப்பதை எழுதிவிடுகிறேன்.

பிள்ளை தேறியதும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது என்று தோன்றும். சரியாகிவிட்டாள், ஓடுகிறாள், எதற்கு அலைய வேண்டும் என்று தோன்றும். அப்படி விட்டுவிடக் கூடாது. குடலோடு தைத்த இடம் மெதுவாகச் சுருங்கலாம், சுருங்கினால் மேலே பித்தநீர் தேங்கிக் கல் வரும், தொற்று வரும். வருஷங்கள் கழித்தும் வரும். எடுக்க முடியாமல் மிச்சமிருக்கிற குழாயில் புற்றுநோய் வருவது அரிது, ஆனால் இல்லாமல் போகவில்லை. அதனால் டாக்டர் சொல்கிற இடைவெளியில் ஸ்கேனும் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் பெரியவளாகிற வரைக்கும், அதற்குப் பிறகும். காய்ச்சல், நடுக்கம், மஞ்சள் மறுபடி வந்தால் சாதாக் காய்ச்சல் என்று ஊசி போட்டுக்கொள்ளாமல், ஆபரேஷன் செய்த விவரத்தைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

காகிதங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, எம்.ஆர்.சி.பி. படம், பயாப்சி ரிப்போர்ட். எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்புவார்கள், அந்த ரிப்போர்ட் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் வரும், அதை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. எங்களுக்குச் செய்த ஆஸ்பத்திரியில் அதை வாங்க நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. ஒவ்வொரு கவுண்டரும் இன்னொரு கவுண்டரைக் கைகாட்டியது. தையல் பார்க்க வரச் சொல்லும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் முதல் ஃபைல் தண்ணீர் புகுந்த ஒரு கார்த்திகை மாதத்தில் நனைந்துவிட்டது, பிறகு எல்லாவற்றையும் போனில் படமெடுத்து மூன்று பேர் போனில் வைத்திருக்கிறோம்.

இதில் ஒன்றைத்தான் நான் இப்போதெல்லாம் அதிகம் யோசிக்கிறேன். இந்தக் கட்டி பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு. நாளைக்கு அவள் படிக்கவோ வேலைக்கோ கல்யாணமாகியோ வேறு ஊருக்குப் போவாள். அங்கே அவளுக்குக் காய்ச்சலும் மஞ்சளும் வந்தால், நாலு வயதில் என்ன செய்தார்கள் என்று சொல்ல நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். நம் பக்கம் பெண் பிள்ளைக்கு ஆபரேஷன் நடந்ததை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கிற பழக்கம் இருக்கிறது. இந்த விஷயத்தில் அது கூடவே கூடாது. மறைத்தால் அவள் சோதனைக்குப் போவது நின்றுவிடும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் மகளுக்கு இந்த வருஷம்தான் உட்காரவைத்து அந்தப் பழைய மருந்துச் சீட்டுப் படத்தைக் காட்டிச் சொன்னோம். 'அப்போ எனக்குக் குடல் ஒய் மாதிரி இருக்கா' என்று கேட்டுவிட்டு, தன் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை வரைந்து வைத்திருக்கிறாள். அவள் அளவுக்கு அது போதும், மிச்சத்தை வயது ஏற ஏறச் சொல்வோம்.

தம்பி, தையல் பார்க்கப் போகிற அன்றைக்கு ரெண்டு கேள்வி மறக்காமல் கேளுங்கள்: பயாப்சி வந்துவிட்டதா, அடுத்த ஸ்கேன் எந்த மாதம். பதிலை இங்கேயே எழுதுங்கள். இதே சந்தேகத்தோடு அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.